நானூற்று இருபத்து நான்கு கால்கள்

"தப்பாயிடுச்சு."

"எது?"

"அந்தப் பாதி பூரா. டைல் பெட்டியை எல்லாம் அந்தக் கோடியில இறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. தூக்கிக்கிட்டு நடக்கச் சோம்பல்பட்டு, அங்கேருந்தே அடுக்கிக்கிட்டு வந்துட்டேன். பாதி சுவர் தலைகீழா வந்துடுச்சு. உன் பறவைங்க எல்லாம் திரும்பிப் பறக்குது."

"பாக்கறேன்."

"சரி, ஒவ்வொண்ணா திருப்பி வைக்கலாம்னு ஆரம்பிச்சேன். திருப்பத் திருப்ப என்னமோ ஆயிடுச்சு. மூணு நாளா வேற வேலையே ஓடல. திட்டாத. பிரிச்சுடவா? சாயங்காலத்துக்குள்ள உன் வரைபடத்துல இருக்கற மாதிரியே போட்டுடுவேன்."

அவள் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, குடோன் தரையை மறுபடி பார்த்தாள்.

"ஏன் பேச மாட்டேங்கற? அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"தொடாதீங்க."

"பிரிக்க வேண்டாமா?"

"ஒரு டைலைக்கூடத் தொடாதீங்க."

பென்சிலுக்கும் அவள் கணவனுக்கும் இந்தப் பேச்சு நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஆனால் இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போது, அந்த குடோனின் எதிரொலியோடு ஒவ்வொரு வார்த்தையும் பென்சிலின் காதில் திரும்ப விழுந்தது. ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு அன்றைக்கு அவள் கீழே பார்த்ததும் கண்ணுக்குள் வந்தது. கை அப்படியே சீப்போடு நின்றுவிட்டது.

பென்சில் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும் என்பதால், கல்யாணமான முதல் வாரமே நாத்தனார் வைத்த பெயர். கணவனுக்கும் ஒன்று உண்டு: ரசமட்டம். சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு குமிழி ஓடிக்கொண்டிருக்கும் கட்டை, அதுதான். டைல் பதிப்பது அவன் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவான். இவளை முதன்முதலில் பார்க்க வந்த அன்றைக்கும் அதைத்தான் செய்தான். பெண்ணை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் காலண்டரை நிமிர்த்தினான்.

"அண்ணி, ரெடியா? பத்தரைக்கு அங்க இருக்கணும்!" கூடத்திலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

அவள் வக்கீல். கறுப்புக் கோட்டு மாட்டி, சாட்சிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள். ஆனால் வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அண்ணனுக்கு இன்னும் 'பாப்பா'தான். ஒருமுறை நீதிமன்ற வளாகத்திலேயே "பாப்பா, டிபன் பாக்ஸை மறந்துட்ட" என்று அவன் கத்தியதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. ஒரு திரைச்சீலைக் கம்பெனி அனுப்பியது. குழந்தைகள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் பென்சில் உருவாக்கிய பறவைச் சுவரை அப்படியே துணியில் அச்சடித்து விற்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு மூன்றே வரியில் பதில். 'இது செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். இயந்திரம் செய்ததற்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.'

அதற்குத்தான் இன்று பதிப்புரிமைப் பதிவகத்தில் விசாரணை. அந்தச் சுவர் ஒரு மனுஷியின் படைப்பா, இல்லை ஊர்ப் பொதுவா என்று அதிகாரி முடிவு செய்யப்போகிறார்.

கடிதத்தில் இருந்தது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் பென்சிலுக்குக் கஷ்டம்.

முதல் நாள் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததை அவளால் மறக்க முடியாது. 'அண்ணாந்து பார்க்கும்போது தெரிகிற மாதிரி, சிறகு விரித்த ஒரு பறவை' என்று தட்டினாள். ஒரு வாய் காபி குடித்துவிட்டு நிமிர்ந்தாள். பறவை இருந்தது. இறகின் ஓரத்தில் வெயில் ஊடுருவி மஞ்சளாகும் இடம்கூடப் பிசகவில்லை. இருபது வருடம் விரல் காய்க்க வரைந்தவள் அவள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. புல்லரித்தது. கோயில் கதவு திறந்த மாதிரி இருந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி ஒன்று. ஐந்து மாதத்தில் மூவாயிரத்து நானூறு பறவைகள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டைப் பொறுக்கினாள்.

ஒன்றே ஒன்றுதான் அதற்கு வரவில்லை. கால். ஒரு பறவைக்கு மூன்று கால், ஒன்றுக்குக் காலே இல்லை, ஒன்றுக்கு மனுஷக் கட்டை விரல். அதனால் எல்லாக் கால்களையும் அழித்துவிட்டுத் தன் கையால் வரைந்தாள். வயிற்றோடு ஒட்டி மடிந்த, சின்னச் சின்னக் கால்கள்.

பிறகு டைல் தொழிற்சாலையில் அச்சேற்றிச் சுட்டு எடுத்தார்கள். டைலுக்கு ஒரு பறவை, மீதி டைல்களில் வெறும் வானம், மொத்தம் நானூற்று எண்பது. அவள் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் எல்லாப் பறவையும் இடமிருந்து வலமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை மாதிரி, ஒழுங்காகப் போகும்.

சுவரில் ஏற்றுவதற்கு முன்னால் குடோன் தரையில் காரை இல்லாமல் அடுக்கிப் பார்ப்பது ரசமட்டத்தின் வழக்கம். அந்தத் தரையில்தான் அந்தப் 'தப்பு' நடந்தது.

திறப்பு விழாவில் மருத்துவமனைத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பறவைக் கூட்டம் அப்படியே சுழன்று திரும்புதே! பாக்கறவங்க எல்லாம் நடந்துக்கிட்டே நின்னுடறாங்க. எப்படிம்மா தோணிச்சு?"

நூறு பேர் அவளையே பார்த்தார்கள்.

"தானா வந்தது," என்றாள் பென்சில்.

கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த ரசமட்டம் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். அந்தச் சத்தம் மீன் முள் மாதிரி இன்னும் அவள் தொண்டையிலேயே நிற்கிறது. பதிவகத்துக்கான விண்ணப்பத்திலும், 'பறவைகளின் வரிசையும் திசையும் முழுக்க என்னுடைய அமைப்பு' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பாப்பாவுக்குக்கூட இது தெரியாது.

"அண்ணி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," வண்டியில் ஏறும்போது பாப்பா சொன்னாள். "அண்ணா, நீ கேட்டாலும் சொல்லாத."

"நான் எதுக்கு வர்றேன் அப்போ?"

"மாதிரி டைலைத் தூக்கிக்கிட்டு வர."

"அதானே பாத்தேன்."

* * *

பதிவகத்தின் பதினோராம் எண் அறையில் ஆரஞ்சுப் பழ வாசனை. தோலை வட்டமாக உரித்து ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டே அதிகாரி நிமிர்ந்தார். அறுபதைத் தொடப்போகும் வயது. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ.

"உக்காருங்க. ஆக்கியவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல மனுஷர் பேர்தான் எழுத முடியும், மெஷின் பேர் எழுத முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அதனால நான் செய்யப்போறது ஒரே வேலை. மெஷின் செஞ்சதை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து இந்தப் பக்கம் வைப்பேன்." ஆரஞ்சுச் சுளை ஒன்றை எடுத்து மேசையின் இடது ஓரத்தில் வைத்தார். "கடைசியில என்ன மிஞ்சுதோ அது மனுஷன் செஞ்சது. ஒண்ணும் மிஞ்சலைன்னா திரைச்சீலைக்காரங்க பக்கம்தான் நியாயம்."

எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்! ஓர் அரசாங்க அறையில், பழைய மின்விசிறிக்குக் கீழே, மனுஷக் கை எங்கே தொட்டது என்று விளக்கைப் பிடித்துத் தேடப்போகிறார்கள்.

"பறவை?"

"மெஷின்."

"நிறம்?"

"நான் சொன்னேன். அது கொடுத்தது."

"நீங்க சொன்னது விருப்பம். வரைஞ்சது அது. இந்தப் பக்கம்." இன்னொரு சுளை போனது. "வானம்?"

"அதுவும் மெஷின்தான்."

"கால்?"

"நான் வரைஞ்சது. எல்லாமே."

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்து மாதிரி டைலைக் குனிந்து பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "நல்லா இருக்கு. நகம்கூட இருக்கே."

"மேடம், இருநூத்திப் பன்னிரண்டு பறவை, நானூத்தி இருபத்தி நாலு கால்," என்றாள் பாப்பா அவசரமாக. "எழுதிக்கோங்க."

"ஒரு பறவைக்கு ஒத்தைக் காலை இறகுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா," பின்னாலிருந்து ரசமட்டம் குரல் கொடுத்தான். "வெளிய தெரியாது."

"அண்ணா!"

"இல்ல பாப்பா, கணக்கு சரியா இருக்கணுமில்ல?"

"ஒளிச்சு வெச்சாலும் கால் கால்தான்," என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "சரி, கால் உங்களுது. மூவாயிரத்துல இதுங்களைப் பொறுக்கினது உங்களுது. ஆனா கால் மட்டும் போதாதும்மா. திரைச்சீலைக்காரங்க காலை அழிச்சுட்டு மறுபடி அச்சடிச்சா என்ன செய்வீங்க?"

பாப்பா தன் காகிதக் கட்டை அவசரமாகப் புரட்டினாள்.

அதிகாரி ஃபைலிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, ஆஸ்பத்திரிக் கட்டட வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட வரைபடம். இன்னொன்று, முடிந்த சுவரின் புகைப்படம்.

"இதுல எல்லாம் ஒரே பக்கமா போகுது. இதுல சுழலுது. ஊரே நின்னு பாக்கறது இந்தச் சுழற்சியைத்தான். கம்பெனி திருடினதும் இதைத்தான். நடுவுல என்ன நடந்தது?"

"வேலை நடக்கும்போது மாத்தினாங்க மேடம்," என்றாள் பாப்பா, ஒரு நொடிகூடத் தயங்காமல்.

"யார் மாத்தினாங்க?"

பென்சில் தன் கொண்டைப் பென்சிலை உருவி மறுபடி செருகினாள். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

அதிகாரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "போட்டோவுல ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தானே? நடந்தே போயிடலாம். வாங்க."

* * *

அதிகாரியும் பாப்பாவும் முன்னால் விறுவிறுவென்று நடந்தார்கள். இவர்கள் இருவரும் பத்தடி பின்னால்.

"நீதான் மாத்தினேன்னு சொல்லிடு," என்றான் ரசமட்டம் மெதுவாக.

"எப்படிங்க சொல்றது?"

"வாயால. சுவர் உன்னுது ஆயிடும், பிரச்சினை முடிஞ்சுடும்."

"அப்போ நீங்க?"

"எனக்கென்ன? காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சாத்தான் வம்பு. கையெழுத்துப் போட்ட வரைபடத்தை ஒரு டைல்காரன் தன் இஷ்டத்துக்கு மாத்தினான்னு கேள்விப்பட்டா அடுத்த வேலைக்குக் கூப்பிடுவாரா? அவர் இன்னும் உத்துப் பாக்கல. நீ சொல்லி நான் போட்டதா நெனச்சுக்கிட்டிருக்கார். அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அது பாதியிலேயே நின்று மூடிக்கொண்டது.

அந்தப் பாதி திறந்த வாயைப் பென்சில் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்து எல்லோரும் வந்து பார்க்கும் நாளில், தான் பதித்த சுவரின் ஓரத்தில் இணைப்புகளை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நிற்பான். வீட்டுக்காரர் என்ஜினீயருக்கு நன்றி சொல்வார், ஆர்க்கிடெக்டுக்கு மாலை போடுவார். இவன் வாய் பாதி திறக்கும். யாராவது ஒருவர் "உங்களுக்கு ஏதாவது...?" என்று ஆரம்பித்தால் பென்சிலே முந்திக்கொண்டு, "இவருக்கு அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க" என்று சொல்லிவிடுவாள். பெருமையாகத்தான் சொல்வாள். என் புருஷன் எதற்கும் ஆசைப்படாதவர் என்று.

இன்றைக்குத்தான், இந்த நடைபாதையில் வைத்து, அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவனை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா?

* * *

காத்திருப்புக் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு போன அதிகாரி, நான்கு அடி வைத்து நின்றுவிட்டார்.

எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சுவர் அப்படித்தான் செய்யும். இடது ஓரத்தில், தரைக்குப் பக்கத்தில், பறவைகள் சாதாரணமாகத்தான் கிளம்புகின்றன. வலப்பக்கமாக, வரிசை வரிசையாக. பார்க்கிறவரும் அவற்றோடு கூடவே நடக்கத் தொடங்குவார். நடுவில் எங்கோ ஒரு பறவை மேலே திரும்புகிறது. அப்புறம் மூன்று. அப்புறம் முப்பது. யாரோ காதில் ரகசியம் சொன்ன மாதிரி மொத்தக் கூட்டமும் எழும்பி, கூரைக்குக் கீழே வளைந்து, வந்த வழியே தலைக்கு மேல் திரும்பிப் பறக்கிறது. சதுர டைலுக்கு நான்கே திசைதான் உண்டு. நேர், மேல், எதிர், கீழ். அந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு வட்டத்தை எப்படிச் செய்தான்? உற்றுப் பார்த்தால் வட்டமே இல்லை. கண்ணை எடுத்தால் வட்டம் மட்டும்தான் இருக்கிறது.

கையில் ஊசிக் கட்டுப் போட்ட ஒரு சிறுமி, கூடத்தின் நடுவில் நின்று பறவைகளை விரலால் தொடர்ந்தபடி தானும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி, கவுன்ட்டரில் தன் எண்ணைக் கூப்பிடுவது காதில் விழாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டார். ஐந்து நிமிடம் இருக்கும். பாப்பா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்," என்றார் அதிகாரி கடைசியில், குரல் சற்று இறங்கி. "'யார் செஞ்சது, யார் செஞ்சது'ன்னு கேட்டுக் கேட்டு வாய் தேஞ்சு போச்சு. இன்னிக்குத்தான் நிஜமாவே தெரிஞ்சுக்கணும்போல இருக்கு. யாரும்மா?"

"நான் இல்ல மேடம்."

"அண்ணி!"

"கால் என்னுது. பொறுக்கினது என்னுது. இந்தத் திருப்பம் இவரோடது." பென்சில் கணவனைக் கையால் காட்டினாள். "திறப்பு விழாவுல தானா வந்ததுன்னு சொன்னேன். பொய். உங்க ஃபாரத்துல என் அமைப்புன்னு கையெழுத்துப் போட்டேன். அதுவும் பொய்தான்."

பாப்பாவின் முகம் சிவந்தது. "எங்கிட்டகூடச் சொல்லலையே அண்ணி. நான் இங்க நின்னு உங்களுக்காக வாதாடிக்கிட்டிருக்கேன்..."

"மேடம், அவ பதட்டத்துல ஏதோ உளர்றா," ரசமட்டம் இடையில் புகுந்தான். "நான் டைல் பதிக்கறவன். இது தப்பா போட்டது. மாத்திப் போட்டுட்டேன், அவ்வளவுதான்."

"எத்தனை டைல் தப்பா போட்டீங்க?"

"பாதி. இருநூத்தி நாப்பது."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு காலைப் பொழுது."

"உடனே சரி பண்ணிட்டீங்களா?"

"...இல்ல மேடம். மூணு நாள்."

"ஒரு காலைப் பொழுதுல பண்ணின தப்பைத் திருத்த மூணு நாளா?"

அவன் காது மடல் சிவந்துவிட்டது. டைல்களைக் கலைக்கும் முன்னால் ஒவ்வொரு நிலையையும் போனில் படம் எடுத்து வைப்பது இவர்கள் தொழிலில் பழக்கம் என்று பாப்பாவுக்குத்தான் முதலில் நினைவு வந்தது. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள் மாதிரி கையை நீட்டினாள். "அண்ணா, போனைக் குடு."

அறுபத்தொரு படங்கள் இருந்தன.

அதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பென்சில் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இவற்றை அவளும் பார்த்ததில்லை. தரையில் சாக்பீஸ் அம்புக்குறிகள். அழித்துவிட்டு மறுபடி அம்புக்குறிகள். ஓர் ஆணியில் நூலைக் கட்டி இழுத்த பெரிய வட்டம். அது பிடிக்காமல் ஆணியை இரண்டடி தள்ளி அடித்து இன்னொரு வட்டம். முப்பதாவது படத்தில் கூட்டம் எழும்பவே மறுக்கிறது. நாற்பதாவதில் அதிகமாக எழும்பிச் சிதறிப் போகிறது. தூசியில் இரண்டு முழங்கால் தடங்கள் படத்துக்குப் படம் நகர்ந்துகொண்டே போகின்றன. ஐம்பத்து மூன்றாவதில் திடீரென்று, அங்கே இருக்கிறது. அந்தத் திருப்பம்.

பென்சிலுக்கு, இயந்திரம் முதல் பறவையைத் தந்த நாளில் வந்த அதே புல்லரிப்பு. பதினோரு வருடமாக ஒரே கூரையின் கீழே, சட்டைக் காலரில் சிமெண்டுத் தூசியோடு சாப்பிட உட்காரும் இந்த மனுஷன் யார்?

"இது ஏன் இப்படி?" அதிகாரி எழுந்து சுவரருகே போய், தலைக்கு மேலே ஒரு டைலைக் காட்டினார். "சுத்தி இருக்கறது எல்லாம் திரும்பிடுச்சு. இது ஒண்ணு மட்டும் இன்னும் நேரா போய்க்கிட்டு இருக்கே. விட்டுப் போச்சா?"

"இல்ல மேடம். வேணும்னுதான் வெச்சேன்." இப்போது அவன் யோசிக்காமல் பேசினான். "கூட்டம் திரும்பினது அதுக்கு இன்னும் தெரியல. எப்பவும் ஒண்ணு அப்படித்தான் இருக்கும். அது மட்டும் இல்லைன்னா மத்ததெல்லாம் திரும்புதுன்னே தெரியாது. எடுத்துப் பாத்தேன். சுவர் செத்துப் போச்சு. மறுபடி வெச்சேன்."

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார்.

"இதை மெஷின் ஏதாவது சொல்லிக் கொடுத்துச்சா?"

"எந்த மெஷின் மேடம்? குடோன்ல ஒரு ஃபேன்கூடக் கிடையாது."

பாப்பா சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி கைப்பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து, நாற்காலியின் கைப்பிடியில் வைத்து ஒரு வரி எழுதினார். "பழைய ஃபாரம் செல்லாது. அதை நான் அடிச்சுத்தான் ஆகணும். அந்தக் கம்பெனிக்காரங்க, முதல்லயே பொய் சொன்னவங்கன்னு கண்டிப்பா எழுதுவாங்க. அதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

"சொல்றேன் மேடம்," என்றாள் பென்சில்.

"புது ஃபாரத்துல ஆக்கியவர் கட்டத்துல உங்க பேரை எழுதிட்டேன். கீழே இன்னொரு வரி காலியா இருக்கு." அவர் ரசமட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. உங்க சம்சாரம் சொன்னாங்க, போன் சொல்லுது, என் கண்ணும் சொல்லுது. அதெல்லாம் சாட்சி. அதை வெச்சு ஒருத்தர் பேரை நானா எழுத முடியாது. இது என்னுதுன்னு நீங்க கேக்கணும். உங்க வாயால."

அவன் சுவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

அவன் வாய் பாதி திறந்தது.

"அண்ணா..." என்று பாப்பா ஆரம்பித்தாள். பென்சில் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் நாக்கின் நுனிக்கு வந்துவிட்ட பழைய வாக்கியத்தைப் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினாள். இந்த ஒரு தடவை யாரும் அவனுக்காகப் பேசக் கூடாது.

அப்போது அதிகாரியின் கையிலிருந்த அவனுடைய போன் அதிர்ந்தது. திரையில் 'காண்ட்ராக்டர்' என்று மின்னியது. கூடத்தின் மூலையில், மருத்துவமனை அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் ஊழியர் ஒருவர் அப்போதுதான் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அதிகாரி போனை நீட்டினார். ரசமட்டம் வாங்கினான். அது உள்ளங்கையில் துடிப்பதை ஒரு கணம் பார்த்தான். பிறகு கட்டை விரலால் அழுத்தி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மேடம்."

"சொல்லுங்க."

"இந்தத் தொழிலுக்கு வந்த நாள்லேருந்து, இருபத்திரெண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல." படிவத்தில் காலியாக இருந்த வரியைக் காட்டினான். "அவ பேருக்குக் கீழ என் பேரையும் எழுதுங்க. டைல் பதிச்சவன்னு வேண்டாம் மேடம். செஞ்சவன்னு எழுதுங்க."